மாட்ரிட்டில் கரண்ட் போன நாளில் கைகொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கோவையிலிருந்து கிளம்பிய எங்கள் குழு பார்சிலோனா, கிரனாடா, செவில்லா என்று பெரிய குறை ஏதும் இல்லாமல் சுற்றிவிட்டுக் கடைசியாக மாட்ரிட் வந்து சேர்ந்தது. 2025 ஏப்ரல் 28, திங்கட்கிழமை. மறுநாள் இரவு ஊர் திரும்ப விமானம். அன்றைக்கு யார் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டிருந்தோம். சிலர் ரெத்தீரோ பூங்காவுக்கு, சிலர் பிளாசா மயோர் சதுக்கத்துக்கு, பெண்கள் சிலர் கிரான் வீயா கடைகளுக்கு. பகல் 12:33-க்கு ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டு நாட்டிலும் கரண்ட் போயிற்று. ஆளுக்கொரு மூலையில் இருந்த எங்களை மறுபடியும் ஒன்று சேர்த்து, பட்டினி போடாமல் தூங்க வைத்து அனுப்பியவர்கள் பலர். பாதிப் பேரின் பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மெட்ரோவில் வந்த பெண்ணுக்கு. எங்கள் பெரியம்மாவும் அவர் தங்கையும் கிரான் வீயாவிலிருந்து முதலாம் எண் லைனில் ஹோட்டலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தீர்சோ தெ மொலீனா தாண்டி, அந்தோன் மார்த்தீன் வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து ஊழியர்கள் கதவைத் திறந்து, தண்டவாளம் ஓரமாக வரிசையில் நடத்திக் கூட்டிப் போனார்கள். மாட்ரிட் மெட்ரோவில் கரண்ட் மேலே இருக்கிற கம்பியில்தான் ஓடுகிறது, தண்டவாளத்தில் இல்லை. அது எனக்குத் தெரியும்; எழுபத்து நாலு வயசுப் பெரியம்மாவுக்குத் தெரியாதே! கால் வைக்கவே பயந்து நின்றவரைப் பக்கத்து சீட்டில் இருந்த கல்லூரிப் பெண்தான் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறார். தோளில் கிட்டார் பெட்டி, ஒரு கையில் போன் வெளிச்சம், இன்னொரு கையில் பெரியம்மா. "பாத்து கண்ணு, பாத்து" என்று பெரியம்மா சொல்லச் சொல்ல, அந்தப் பெண்ணும் ஸ்பானிஷில் பதில் சொல்லிக்கொண்டே வந்தாராம். மேலே வந்ததும் போய்விடவில்லை. போனில் மேப் வேலை செய்யாத நேரத்தில், ஹோட்டல் கார்டில் இருந்த முகவரியை நாலு பேரிடம் விசாரித்து, வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். தன் வீட்டுக்கு அவர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்ததோ!

ஹோட்டலில் அன்று முறை பார்த்த இரண்டு பையன்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். லிஃப்ட் ஓடவில்லை, எங்கள் அறைகளோ ஐந்தாவது மாடியில். முழங்கால் வலிக்காரர்கள் ஏறவே வேண்டாம் என்று சொல்லி, கீழே காலை உணவு போடும் கூடத்தில் மேஜைகளை ஒதுக்கிவிட்டு மெத்தைகளை இறக்கிப் போட்டார்கள். மாத்திரை டப்பா, கண்ணாடி, ஸ்வெட்டர் என்று நாங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து கேட்கக் கேட்க, அவர்கள் ஏறி இறங்கியதைப் பார்க்க எங்களுக்கே கூச்சமாகிவிட்டது. எங்களை அனுப்பி வைத்த டூர் கம்பெனியின் அவசர உதவி எண் அன்றைக்கு மட்டுமல்ல, மறுநாள் போன் வந்த பிறகும் எடுக்கவே இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதினால் மடல் கெட்டுவிடும்.

என் சம்பந்தி இன்சுலின் போடுபவர். அறையில் இருந்த ஃபிரிட்ஜ் நின்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. தெருக்கோடி மருந்துக்கடையில் அடையாளமான பச்சைச் சிலுவை விளக்கு அணைந்திருந்தது, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். அங்கிருந்த அம்மா இன்சுலின் பேனாவை (பேனா வடிவில் இருக்கும் ஊசி) வாங்கி, டார்ச் அடித்துப் பெயரைப் படித்து, அதன் விவரத்தாளைத் தேடி எடுத்து வரியின் மேல் விரல் வைத்துக் காட்டினார்: உபயோகத்தில் இருக்கும் பேனா, அதிக வெயில் படாத இடத்தில் 28 நாள் தாங்கும். திறக்காத பேனாக்களைக் குளிர் பையில் ஐஸ் ஜெல்லோடு வைத்துக் கட்டிக் கொடுத்தார். மெஷின் வேலை செய்யவில்லை, காசு வேண்டாம் என்று கையால் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டுக்கு லவாப்பியெஸ் பகுதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் வங்காளதேசத்துக்காரர். அந்தப் பக்கம் அவர்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். கார்டு செல்லாத அந்த மதியத்தில் எங்கள் எல்லோருடைய பையையும் கொட்டினாலும் சில்லறை யூரோக்கள்தான் தேறின. வாழைப்பழம், ரொட்டி, பொரி, தண்ணீர், மெழுகுவர்த்தி என்று இருபது பேருக்குத் தேவையானதை அடுக்கிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டார். மீதியை ஒரு நோட்டில் எழுதினார். பாஸ்போர்ட் கேட்கவில்லை, ஹோட்டல் பெயர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் காலை கடன் தீர்க்கப் போனபோது, நாங்கள் வருவோம் என்று அவர் பெரிதாக எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை!

ஹோட்டலுக்கு எதிரே இருந்த பாரின் வாசலில் பேட்டரி ரேடியோவை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவருக்கும் நன்றி. தெருவே அதைச் சுற்றி நின்றது. செய்தி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் எங்களுக்காக இங்கிலீஷில் சொல்லிவிடுவார். அன்று மாலைக்கு ஃபிளமெங்கோ ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தோம், அது போயிற்று. ஆனால் அந்த வாசலில் ஒருவர் பாட, மற்றவர்கள் கைதட்டியே தாளம் போட, ஒன்பது மணி வரை வெளிச்சம் இருந்தது. டிக்கெட்டை விட இது மேல் என்று சொல்வேன். வீட்டுக்காரி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவுக்கு விளக்கு வந்தது. பால்கனி பால்கனியாகக் கைதட்டல். நானும் தட்டினேன், நான் தட்டியது வேறு ஆட்களுக்காக. மின்வாரியத்தில் காலம் தள்ளியவன் நான். ஐந்தே விநாடிகளில் சுமார் 15 ஜிகாவாட் மின் உற்பத்தி, அதாவது அந்த நேரத்துத் தேவையில் ஏறக்குறைய 60 சதவீதம், காணாமல் போயிற்று என்று அந்நாட்டுப் பிரதமர் சொன்னார். அப்படி விழுந்த கிரிட்டை, அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையை, ஒரே ஸ்விட்சில் தூக்கிவிட முடியாது. வெளியிலிருந்து கரண்ட் வாங்காமல் தானே கிளம்பக்கூடிய நீர்மின் நிலையங்களை முதலில் எழுப்ப வேண்டும். அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னத் தீவு மாதிரி தனித்தனிப் பகுதிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக லோடு (மின் தேவை) ஏற்ற வேண்டும். கரண்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து அங்கே இங்கே ஆடாமல் பார்த்துக்கொண்டு ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு இடத்தில் கூடுதலாக லோடு கொடுத்தால் கட்டியது எல்லாம் திரும்பவும் சரியும். 2012 ஜூலையில் நம் வடமாநிலங்கள் அடுத்தடுத்து இரண்டு நாள் இருண்டபோது, தெற்கு கிரிட் அவர்களோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்திராததால் நாங்கள் தப்பித்தோம்; ஆனாலும் அந்த ராத்திரிகளில் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் பாடு எங்களுக்குத் தெரியும். பிரான்சிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் கரண்ட் வாங்கி, அணைகளின் நீர்மின் நிலையங்களை எழுப்பி, மறுநாள் விடியும்போது கிட்டத்தட்ட நாடு முழுக்கச் சப்ளை கொடுத்துவிட்டார்கள். ஏன் விழுந்தது என்ற விசாரணை, குற்றச்சாட்டு எல்லாம் நடக்கட்டும். அன்று சப்ஸ்டேஷன்களில் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்தவர்களுக்கு ஒரு பழைய மின்வாரியக்காரனின் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை மெட்ரோ ஓடியது, விமானமும் கிளம்பியது. ஊரில் டிவியைப் பார்த்துவிட்டுப் போன் போகாமல் தவித்த பிள்ளைகளுக்கும், அன்று யாரும் யாரையும் குறை சொல்லாமல் கூட இருந்த நம் குழுவினருக்கும் நன்றி. குழுவில் ஒருவரின் மகள் ஸ்பானிஷ் படிக்கிறாள். இதை மொழிபெயர்த்து எழுதி ஹோட்டலுக்கும் மருந்துக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் தபாலில் அனுப்புகிறோம். கிட்டார் பெண்ணுக்குத்தான் முகவரி இல்லை.

இப்படிக்கு,
குழுவின் சார்பில்,
ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், கோவை.

பி.கு.: அன்று பொதுவில் போட்ட யூரோ கணக்கு இன்னும் முடியவில்லை. தர வேண்டியவர்கள் யார் என்று அவரவருக்கே தெரியும். வரும் ஞாயிறு காலை நடைக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்துவிடவும்.