கையெழுத்துப் போடும் முன் பெட்டியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வழியில் உடைந்து வந்த இயந்திரத்துக்குப் பதில் புதிதாக வாங்கும் செலவைச் சரக்கு நிறுவனமே தந்துவிடும் என்று தொழில் செய்வோர் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் தராது. பன்னாட்டு விமானச் சரக்குக்கான 1999 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கணக்கே எடைதான்: 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு அதிகபட்சம் 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). 12 கிலோ அளவீட்டுக் கருவி அடியோடு நாசமானாலும் 312 எஸ்.டி.ஆருக்கு மேல் நகராது. கப்பலில், ஹேக்-விஸ்பி விதிகள் செல்லும் இடங்களில், பொதிக்கு 666.67 அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. லாரிக்கு நாட்டுக்கு நாடு விதி வேறு.

வரம்பைத் தாண்டும் வழி அனுப்பும்போதே இருக்கிறது. ஏர்வே பில்லில் (விமானச் சரக்குக்கான அனுப்பு ஆவணம்) சரக்குப் பயணத்துக்கான மதிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. முகவர்கள் வழக்கமாக அதில் ‘மதிப்பு அறிவிக்கவில்லை’ என்று பொருள்படும் என்.வி.டி. என்ற மூன்றெழுத்தைத் தட்டிவிடுவார்கள். பக்கத்திலேயே சுங்கத்துக்கான மதிப்புக் கட்டம் நிரப்பப்பட்டிருப்பதைப் பார்த்து அனுப்புநரும் திருப்தி அடைந்துவிடுவார். இரண்டும் வேறு வேறு. கூடுதல் கட்டணம் செலுத்தி முதல் கட்டத்தில் தொகையை எழுதினால்தான் உச்சவரம்பு உயரும். இன்னொன்று: ஒரே இயந்திரத்தின் பெட்டிகளை ஒரே ஏர்வே பில்லில் அனுப்புங்கள். ஒரு பெட்டியின் சேதத்தால் மற்றவையும் மதிப்பிழந்தால், எல்லாப் பெட்டிகளின் மொத்த எடையும் கணக்கில் வரும். பிரித்து அனுப்பினால் இந்தச் சலுகை போச்சு.

பெட்டி வந்து இறங்கும் நேரத்தில்தான் பாதி வழக்குகள் தோற்கின்றன. ‘பரிசோதனைக்கு உட்பட்டு’ என்று எழுதிக் கையெழுத்திடுவதற்குப் பெரிய மதிப்பில்லை. ‘இடது கீழ் மூலை நசுங்கியிருக்கிறது, அதிர்வு காட்டும் ஸ்டிக்கர் சிவந்திருக்கிறது’ என்று கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். ஓட்டுநர் நீட்டும் கருவியின் திரையில் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, குறிப்பு எழுத இடமே வைக்காத நிறுவனங்கள் இருக்கின்றன. இதை மாற்ற வேண்டும். அதுவரை அதே குறிப்பைத் தாளில் எழுதி ஓட்டுநரிடம் ஒப்பம் வாங்குங்கள். மறுத்தால், அவர் கிளம்பும் முன்பே படங்களுடன் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

பெட்டியின் ஆறு பக்கங்கள், முகவரிச் சீட்டு, உள்ளே நுரைப்பஞ்சு உடைந்த இடம், இயந்திரத்தின் வரிசை எண் எல்லாவற்றையும் படமெடுங்கள். ஆய்வாளர் பார்க்கும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பேக்கிங் சரியில்லை என்பதே நிறுவனத்தின் முதல் வாதம், அதற்குப் பதில் அந்தப் பெட்டிதான். ஸ்கேனர், அச்சு இயந்திரம் போன்றவற்றில் பயணப் பூட்டு (நகரும் பாகங்களை அசையாமல் பிடிப்பது) போடாமல் அனுப்பியிருந்தால் அந்த வாதம் எடுபடும். முக்கியமாக, ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று மின்சாரம் கொடுக்காதீர்கள். கழன்று கிடக்கும் பலகை ஷார்ட் ஆனால் பழி உங்கள்மேல் விழும்.

விமானச் சரக்கில் சேதம் தெரிந்தவுடனே, மிஞ்சினால் பெற்ற நாளிலிருந்து 14 நாளுக்குள், எழுத்தில் புகார் தர வேண்டும். வழக்குக்கு 2 ஆண்டு. ஹேக்-விஸ்பியில் வெளியே தெரியாத சேதத்துக்கு 3 நாள், வழக்குக்கு 1 ஆண்டு. தொலைபேசியில் சொன்னது புகார் ஆகாது.

புகாருடன், இயந்திரம் வாங்கியதற்கான பில், தயாரிப்பாளரின் சேவைப் பிரிவு தரும் அறிக்கை (தேய்மானம் அல்ல, அடிபட்டதால் என்று தெளிவாக), பழுது நீக்கும் செலவு, புதிய விலை ஆகிய இரண்டுக்கும் மதிப்பீடு தேவை. பழைய இயந்திரத்துக்குத் தேய்மானம் கழிப்பார்கள். உடைந்ததன் கழிவு மதிப்பையும் கழிப்பார்கள், ஆகவே அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

புதியது வாங்கும் முழுத்தொகை வேண்டுமானால் தனியாகச் சரக்குக் காப்பீடு எடுப்பதுதான் வழி. அதிலும் புதிதாக வாங்கும் விலையே தரப்படும் என்று பாலிசியில் எழுதியிருக்க வேண்டும். அப்படிக் காப்பீடு இருக்கும்போது, ‘முழு இறுதித் தீர்வு’ என்று சரக்கு நிறுவனம் நீட்டும் சிறு தொகைக்குக் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் ஒப்பமிடாதீர்கள். சரக்கு நிறுவனத்திடம் வசூலிக்கும் அவர்கள் உரிமை பறிபோகும்; அதைக் காட்டியே உங்கள் தொகையில் கை வைப்பார்கள்.

இப்படிக்கு,
சரக்குச் சேத ஆய்வாளர் ஒருவர்