பழைய டீசல் காரும் நெடும்பயணமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2015-இல் வாங்கிய எங்கள் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிடிஐ டீசல் காரை விற்றுவிடுமாறு உறவினர்கள் வற்புறுத்துகின்றனர். செங்கல்பட்டைக் கடந்து திண்டிவனம் நோக்கிச் செல்கையில், ஐந்தாம் கியரிலேயே லாரியை முந்துமளவுக்கு அதன் 1.5 லிட்டர் எஞ்சின் தரும் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை உணர்ந்தவர்க்கு அந்த யோசனை எளிதில் ஏற்புடையதாகாது. மதுரைக்குச் சென்று சேர்ந்த பின்னும் டாங்கில் டீசல் மீதமிருக்கும். என் தந்தையின் கடைசிப் பயணமும் அந்தக் காரில்தான்.

நகர நெரிசலில் கிளட்ச் கனக்கிறது, உதிரிபாகங்களும் விலை மிகுந்தவை. டீசல் புகையின் கேட்டையும் நான் மறுக்கவில்லை. ஆயினும், 15 ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது, வயதைவிடப் பராமரிப்பையும் புகைச் சோதனை முடிவையுமே அளவுகோலாகக் கொள்ளுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குரோம்பேட்டை, சென்னை