நானூறு ஆண்டுகள் காடு வளர்த்த இயந்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசி விளையாட்டுகள் எல்லாமே பிள்ளைகளின் பொழுதைத் தின்று தீர்க்கின்றன என்று சென்ற வாரம் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சுட்டுத் தள்ளுவதும் காசைக் கரைப்பதுமான விளையாட்டுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ‘எல்லாமே’ என்ற சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை.

எங்கள் குந்தா வட்டத்தில் மழைக்காகப் பள்ளி விடுமுறை அறிவிக்கும் ஜூலை நாள்களில், சென்ற ஆண்டு என் மகன் ‘குரோனோ டிரிக்கர்’ விளையாடினான். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1995இல் சூப்பர் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட இவ்விளையாட்டு இப்போது கைப்பேசியிலும் கிடைக்கிறது. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ விளையாட்டை உருவாக்கிய ஹிரோனொபு சகாகுச்சி, ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டின் யூஜி ஹொரீ, ‘டிராகன் பால்’ படக்கதையின் ஓவியர் அகிரா தொரியாமா ஆகிய மூவரும் இதில் ஒன்றுசேர்ந்தார்கள். 1999இல் பூமிக்குள்ளிருந்து எழும் லாவோஸ் என்ற ஜீவன் உலகை அழிக்கப்போவதை எதிர்காலத்துக்குச் சென்று அறிந்துகொள்ளும் சில இளைஞர்கள், அதைத் தடுக்க ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம் முதல் கி.பி. 2300 வரை அலைவதே கதை. சண்டைகளும் உண்டு, ஆனால் இதை இன்றும் தேடிப்பிடித்து விளையாடுகிறவர்கள் சண்டைக்காக வருவதாக எனக்குத் தோன்றவில்லை.

கதையின் தொடக்கத்தில் வரும் திருவிழாவில், யாரோ வைத்திருந்த சாப்பாட்டை மகன் விளையாட்டாக எடுத்துத் தின்றுவிட்டான். பிறகு நாயகனை நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, அந்தச் சாப்பாட்டுக்குச் சொந்தக்காரரே சாட்சி சொல்ல வந்து நின்றார். மகனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஒருமுறை முடித்த பின் சேர்த்த வலிமையோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். லாவோஸை எந்தக் கட்டத்தில் வீழ்த்துகிறோமோ அதற்கேற்பப் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உண்டு. இந்த ஆண்டு மறுபடி தொடங்கியவன் சாப்பாட்டின் பக்கமே போகவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் நிலைத்துப்போனது வேறொரு பகுதி. கி.பி. 600இல் பாலையாகிவிட்ட நிலத்தை மறுபடி காடாக்கப் போராடும் ஃபியோனா என்ற பெண்ணுக்குத் துணையாக ரோபோ என்ற இயந்திரத் தோழனை விட்டுவிட்டு, மற்றவர்கள் காலப்பயணத்தில் நொடியில் கி.பி. 1000க்கு வருகிறார்கள். அவர்களுக்கு நொடி, அவனுக்கு நானூறு ஆண்டுகள். பாலை இருந்த இடத்தில் அடர்ந்த காடு நிற்கிறது. துருவேறி அசைவற்றுப்போன அவனைக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். தோழர்களில் ஒருத்தியான லுக்கா அவனைப் பழுதுபார்த்து எழுப்பியதும், அன்றிரவு எல்லாரும் காட்டில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள்.

ஆங்கில உரையாடலை மகன் வரிக்கு வரி தமிழில் சொல்ல, பக்கத்தில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் என் தாயார். இளவயதில் இம்மலையில் தினக்கூலிக்குச் சீகை (வாட்டில்) நாற்று நட்டவர் அவர். அன்று நட்ட சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) புல்வெளியையும் சோலையையும் விழுங்கிவிட்டன என்று இன்று அவற்றை வெட்டி அகற்றுகிறார்கள். “அத்தனை வருஷம் தனியாவா இருந்தான்?” என்று முதலில் கேட்டார். சற்றுப் பொறுத்து, “என்ன மரம் நட்டான்?” என்றார். விளையாட்டில் அதற்குப் பதில் இல்லை. மகனும் எங்கெங்கோ தேடிப் பார்த்தான்.

முப்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு விளையாட்டு, கைப்பேசியையே தொடாத ஒருவரை இப்படிக் கேட்க வைக்கிறது. ஆனால் அது தமிழில் இல்லை. கொரிய மொழியிலும் சீன மொழியிலும்கூடக் கிடைக்கும்போது, மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பஞ்சமில்லாத தமிழில் மட்டும் யாரும் கேட்கவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் வாரந்தோறும் விமர்சனம் எழுதும் தங்கள் இணைப்பிதழ், கதையை நம்பி நிற்கும் இத்தகைய விளையாட்டுகளுக்கும் மாதம் ஒருமுறையாவது அரைப்பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மஞ்சூர், நீலகிரி மாவட்டம்.