எந்த ஸ்ட்ரோக் என்பதைக் குழந்தை சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளை டிவிஷனல் நீச்சல் போட்டியில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று ஒரு தாய் வருத்தப்பட்டு எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் படித்தேன். கோச்சுக்கு வேண்டிய பிள்ளைகளுக்குத்தான் இடம் கிடைக்கிறது என்று முடித்திருந்தார். நானும் வட வர்ஜீனியாவில் இருப்பவன். கோடையில் சனிக்கிழமை காலைகளில் ஸ்டாப்வாட்சோடு லேன் முனையில் நிற்பவன். அவருடைய முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கோபப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது.

வேறு மாநிலங்களில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இங்கே நார்தர்ன் வர்ஜீனியா ஸ்விம் லீக் 1956-இலிருந்து நடக்கிறது. நூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புக் குளங்களின் அணிகளைப் பலத்தைப் பார்த்து ஆறு ஆறாகப் பிரித்து டிவிஷன்கள் ஆக்குவார்கள். ஐந்து சனிக்கிழமைகள் அணிக்கு அணி மோதும். அதில் ஒவ்வொரு போட்டிக்கும், அதாவது ஒரு வயதுப் பிரிவின் ஒரு ஸ்ட்ரோக்குக்கு (நீச்சல் வகைக்கு), ஓர் அணியிலிருந்து மூன்று பேர் நீந்தலாம். ஜூலை கடைசியில், ஒரு டிவிஷனின் ஆறு அணிகளும் சேர்ந்து நீந்தும் டிவிஷனலில் அந்த மூன்று இரண்டாகிவிடும். ரிலேயைச் சேர்க்காமல் ஒரு பிள்ளை இரண்டு ஸ்ட்ரோக்குக்கு மேல் நீந்தவும் கூடாது. அன்றைய நேரங்களைப் பார்த்து, லீக் முழுவதிலும் ஒவ்வொரு போட்டிக்கும் வேகமான 18 பேர் ஆல்ஸ்டார் என்ற கடைசிப் போட்டிக்குப் போவார்கள்.

இதில் வலிக்கிற இடம் அந்த 'இரண்டு'தான். பலமான அணியில் மூன்றாவதாக இருக்கும் சிறுமி, கீழ் டிவிஷன் ஒன்றில் முதலாவதாக வருபவளைவிட வேகமாக நீந்துபவளாக இருக்கலாம். டிவிஷனலில் நீந்தாததால் அவளுக்கு ஆல்ஸ்டார் கிடையாது. சரி, மூன்று பேரை விடலாமே என்றால், வயதுப் பிரிவுகள் ஐந்து, ஸ்ட்ரோக்குகள் நான்கு, ஆண் பெண் தனித்தனி என்று 40 போட்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆறு லேன் குளத்தில் ஒவ்வொன்றும் இரண்டு ஹீட் (சுற்று). மூன்று பேர் என்றால் இன்னும் 40 ஹீட் கூடும். ஜூலை வெயிலில் ஏழு வயதுப் பிள்ளைகளை அவ்வளவு நேரம் உட்கார வைப்பது பற்றி, அவர்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் பெற்றோரைத்தான் கேட்க வேண்டும். ஆகவே யாரோ ஒருவர் விடுபடுவது தவிர்க்க முடியாதது. எப்படி விடுபடுகிறார் என்பதுதான் கேள்வி.

பாரபட்சம் என்று சொல்லும்முன் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்த கோச்சுகளில் பலர் கல்லூரி விடுமுறைக்கு வீடு வந்திருக்கும் இளைஞர்கள். பட்டியல் போடும்போது அவர்கள் செய்வது பெரும்பாலும் புள்ளிக் கணக்கு. ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை மூன்றிலும் அணியின் முதல் இரண்டு இடத்துக்குள் இருக்கும் ஒரு பையனை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அவன் விட்டாக வேண்டும். அவனுக்குப் பிடித்தது பட்டர்ஃப்ளை. ஆனால் மற்ற அணிகளில் பேக்ஸ்ட்ரோக் பலவீனமாக இருப்பதைப் பார்த்து, கோச் அவனை அங்கே போட்டுவிடுவார். பேக்ஸ்ட்ரோக்கில் காத்திருந்த பிள்ளைக்கு இடம் போயிற்று, பட்டர்ஃப்ளையில் எதிர்பார்க்காத ஒருவருக்கு இடம் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் வேண்டியவர், வேண்டாதவர் கதையாகத்தான் தெரியும்.

என் மறுப்பு இந்தக் கணக்கின் மேல்தான். பொடோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேரிலாந்தில் மான்ட்கோமரி கவுன்டி லீக்கில் டிவிஷனல் முடிவும் டிவிஷன் வெற்றியாளரைத் தீர்மானிப்பதில் சேரும். அங்கே கோச் கணக்குப் போடுவதில் அர்த்தம் உண்டு. நம் லீக்கில் டிவிஷனை யார் ஜெயித்தார்கள் என்பது ஐந்தாவது சனிக்கிழமையோடு முடிந்துபோகிறது. டிவிஷனல் நாள் அணிக்கான நாள் அல்ல, பிள்ளைகளுக்கான நாள். ஐந்து வாரம் அணிக்காக கோச் சொன்ன ஸ்ட்ரோக்கையெல்லாம் நீந்திய பையன், அந்த ஒரு நாள் தனக்குப் பிடித்ததை நீந்தட்டுமே!

முறை ஒன்றும் நமக்குப் புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழக பொறியியல் கவுன்சிலிங் பார்த்து வந்தவர்கள்தானே நம்மில் பாதிப்பேர்? லேடர் என்று சொல்லும் நேரப் பட்டியலை ஐந்தாவது சனிக்கிழமை மீட் (போட்டி) முடிந்த அன்றே குளத்துப் பலகையில் ஒட்டட்டும். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் முதல் இரண்டு பேருக்கு முதல் உரிமை. இரண்டுக்கு மேல் இடம் உள்ளவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட, அது அடுத்தவருக்குப் போகட்டும். தேர்வு பிள்ளையுடையது, அப்பாவுடையதும் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, நம் அப்பாக்களை நான் அறிவேன்.

நேரம் மட்டும் போதுமா என்றால், போதாது. சின்னப் பிள்ளைகளின் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை முந்தினாலும் தகுதி நீக்கம். அந்த நேரம் பட்டியலில் ஏறாது. என் வாட்சில் பிரமாதமான நேரம் ஓடியிருக்கும், அடுத்த நிமிடம் நடுவர் கை தூக்கியிருப்பார். வேகமாக ஆனால் தப்பாக நீந்தும் பிள்ளையைவிடக் கொஞ்சம் மெதுவாக ஆனால் சரியாக நீந்தும் பிள்ளை மேலே இருப்பது விதி, ஓரவஞ்சனை அல்ல. அதேபோல வயது. ஜூன் 1 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. எட்டு வயதுப் பிரிவில் 25 மீட்டர் நீந்தி முன்னால் நின்றவள், அடுத்த வருடம் 9-10 பிரிவுக்குப் போனதும் ஃப்ரீஸ்டைலில் 50 மீட்டர் நீந்த வேண்டும். போன வருடம் போனாளே, இந்த வருடம் ஏன் இல்லை என்பதற்குப் பல வீடுகளில் இதுதான் பதில்.

வருடம் முழுக்க கிளப்பில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தலைகாட்டாமல் இருந்து டிவிஷனலுக்கு மட்டும் வந்து இடத்தை எடுத்துக்கொள்வதுதான் எனக்கு உண்மையிலேயே கசக்கிறது. கிளப் போட்டி இருந்தது என்பார்கள். இருக்கட்டும். இத்தனை சனிக்கிழமை மீட்களிலாவது நீந்தியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அணியும் எழுதி வைக்க வேண்டும். இதில் வேகத்தை நான் பார்க்க மாட்டேன்.

நம் பக்கத்துக் குற்றமும் ஒன்று உண்டு. பள்ளி மூடியதும் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுகிறோம். ஆனி முகூர்த்தத்துக்காகப் போகிறவர்களையாவது மன்னிக்கலாம். டிவிஷனல் வருவதோ ஆடியில். கல்யாணம் என்ற சாக்குகூடக் கிடையாது, தி.நகர் தள்ளுபடிதான் உண்டு. போவது தப்பில்லை. ஆனால் ஜூலை கடைசியில் இருக்க மாட்டோம் என்று ஜூனிலேயே சொல்லாமல், பட்டியலில் பெயர் வந்த பிறகு சொன்னால், மூன்றாவதாகக் காத்திருந்த பிள்ளையும் அதற்குள் எங்காவது கடற்கரைக்குக் கிளம்பியிருக்கும்.

டிவிஷனல் வாய்ப்பு கைநழுவினால் எல்லாம் போயிற்று என்பதும் இல்லை. கேட்டி லெடெக்கி ஆறு வயதில் மேரிலாந்தில் பெதஸ்டா பக்கத்து இப்படியொரு கோடைக்கால அணியில்தான் ஆரம்பித்தார், 15 வயதில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வாங்கினார் என்று இங்கே எல்லாப் பெற்றோரும் ஒப்பிப்பார்கள். பெரிய நீச்சலுக்குப் போகிறவர்களுக்கு வருடம் முழுக்க நடக்கும் கிளப் போட்டிகள் தனியாக இருக்கின்றன. ஒரு ஜூலை சனிக்கிழமையில் விடுபட்டதால் அந்த வழி அடைபடாது.

அந்தத் தாய்க்கு ஒன்று சொல்வேன். மே கடைசியில் குளம் திறந்து பதிவு நடக்கும்போது அணிப் பிரதிநிதியான டீம் ரெப்பிடம் போய், டிவிஷனலுக்கு எப்படித் தேர்வு செய்வீர்கள், சனிக்கிழமை இடம் கிடைக்காத பிள்ளைகளும் நீந்தும் திங்கட்கிழமை மாலை 'பி' மீட்டில் எடுத்த நேரமும் சேருமா, ஸ்ட்ரோக்கை யார் முடிவு செய்வார் என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். சீசன் தொடக்கத்தில் நேரம் எடுத்துப் பார்க்கும் டைம் ட்ரையல் நடக்கும் முன்பு கேட்டால் அது விதியைப் பற்றிய கேள்வி. ஜூலையில் கேட்டால், உங்கள் மகளைப் பற்றிய கேள்வியாகத்தான் எல்லோர் காதிலும் விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃபேர்ஃபேக்ஸ், வர்ஜீனியா