பதினொன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு: சிலப்பதிகாரக் கட்டுரை குறித்து

அன்புடையீர்,

வணக்கம். இந்தப் பருவத்தில் நம் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்திலிருந்து கொலைக்களக் காதை, வழக்குரை காதை ஆகிய இரண்டையும் முழுமையாகப் படித்து, அவற்றில் வெளிப்படும் சமூகத்தைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுத இருக்கிறார்கள். முன்னது இருநூறு அடிக்குச் சற்று மேல். பின்னது அதில் பாதிகூட இல்லை. மொத்தம் ஆறு வாரம், கட்டுரை நான்கு பக்கம், மதிப்பெண் 25.

கடையில் விற்கும் கைடு வாங்கித் தரலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்ற மூன்றையும் கைடு கருப்பொருளாகத் தரும். தவறில்லை, நூலின் முன்னுரையான பதிகமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பதிகம் சொன்னதைத் திருப்பி எழுதுவது ஆய்வு ஆகாது. அந்த மூன்றும் கதைக்குள் எப்படி நடக்கின்றன, யார் கையால் நடக்கின்றன என்று அடி அடியாகப் பார்ப்பதுதான் பிள்ளைகளிடம் நாங்கள் எதிர்பார்ப்பது.

கொலைக்களக் காதையில் ஓரிடத்தைப் பாருங்கள். கோப்பெருந்தேவி ஊடி எழுந்து போய்விடுகிறாள். அவளைத் தணிக்க விரையும் பாண்டியனின் காலில் பொற்கொல்லன் விழுந்து, சிலம்பு திருடியவன் தன் குடிலில் இருப்பதாகச் சொல்கிறான். அரசன் ஊர்க்காவலரை அழைத்து இடும் ஆணையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவர வேண்டும். அது தேவியின் சிலம்புதானா என்று யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பது ஆணையில் இல்லை. ஆகவே சரிபார்க்கும் பொறுப்பு, குற்றம் சாட்டியவனிடமே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அடுத்து நடப்பது இன்னும் கூர்ந்து படிக்க வேண்டியது. கோவலனைக் கண்டதும், இவன் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லை என்கிறது காவலர் தரப்பு. பொற்கொல்லன் சிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வரின் துணைகள் எட்டையும் அடுக்குகிறான். இளையவன் ஒருவன் தான் கண்ட பழைய திருட்டு ஒன்றைச் சொல்லி, சும்மா இருந்தால் அரசன் நம்மைத் தண்டிப்பான், செய்யத்தக்கது ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறான். அவர்கள் முடிவெடுக்கும் முன்பே, கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலனிடம் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சந்தேகம் இருந்தும் அதைச் சொல்லி நிற்க முடியாத அதிகாரிகள், மேலிடத்துக்கு அஞ்சும் அச்சம், விசாரணை இல்லாத தண்டனை என ஒரு காட்சியில் இத்தனையும் இருக்கின்றன. கைடில் இந்தக் காவலருக்கு ஒரு வரிகூட இருக்காது.

வழக்குரை காதையில், என் சிலம்பின் பரல் (உள்ளே ஒலிக்கும் மணி) மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எம்முடையது முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. உண்மையை அறிய அவ்வளவுதான் தேவைப்பட்டது. அதைக் கொலைக்கு முன்பே செய்திருக்கலாம் என்பதில்தான் அந்தக் காதையின் வலி இருக்கிறது.

வேலை நடக்கும் விதம் இது. 80 பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து இடப்பக்கம் அடி எண், நடுவில் சொந்த உரைநடையில் பொருள், வலப்பக்கம் கேள்விகள். யார் பேசுகிறார், முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம், பேச வாய்ப்பே கிடைக்காதவர் யார், இழப்பு யாருக்கு என்ற நான்கையும் ஒவ்வொரு பகுதிக்கும் கேட்க வேண்டும். முதல் நான்கு வாரம் வாரத்துக்கு எழுபத்தைந்து அடி வீதம் வாசிப்பு. ஐந்தாம் வாரம் முதல் வரைவு. ஆறாம் வாரம் திருத்தி எழுதுதல். உரை பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய உரையாசிரியரான அடியார்க்கு நல்லாரின் உரை, வழக்குரை காதைக்கு முந்தைய பகுதியான ஊர்சூழ் வரியோடு நின்றுவிடுவதால் அந்தக் காதைக்கு அது கிடைக்காது. அதற்கு ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையைப் பள்ளி நூலகத்தில் வைத்திருக்கிறோம்.

மதிப்பெண்ணில் 10 அடிச்சான்றுக்கு, 8 வாதத்துக்கு, 3 மொழிக்கு. மீதி 4, தன் முடிவுக்கு எதிராக நிற்கும் ஓர் அடியைத் தானே எடுத்துக்காட்டி அதற்குப் பதில் சொல்வதற்கு. இந்த நான்கைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். அரசன்மீது முழுப் பழியையும் சுமத்தும் மாணவர், 'வினைவிளை காலம் ஆதலின்' (முன்வினை பலன் தரும் காலம் என்பதால்) என்ற தொடரைக் கண்டும் காணாமல் போகக்கூடாது. எல்லாம் ஊழ் என்று முடிப்பவர், அதை ஒட்டியே அரசன் 'தேரான் ஆகி' (ஆராயாதவனாகி) ஆணையிட்டான் என்று வருவதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இளங்கோ இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்து மற்றதை மறைப்பது நேர்மையான வாசிப்பு அல்ல.

பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. முதல் பக்கம் முழுக்கக் கதை சொல்வது அவற்றில் பெரியது. கதை தெரிந்தவருக்கே எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்திலேயே தன் கருத்தை வைத்துவிட்டால் இது தீரும். பாத்திரத்தின் பேச்சை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. கள்வர்க்குத் தெய்வம் துணை என்று சொல்வது இளங்கோ அல்ல, காவலரை மசியவைக்கப் பார்க்கும் பொற்கொல்லன். இன்றைய சட்டத்தை மட்டும் வைத்து அளப்பதும் அரைகுறையாகவே முடியும். அந்தச் சமூகத்துக்கென்றே ஓர் அளவுகோல் இருந்தது. புறாவின் துயர் தீர்த்த சோழனையும், பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் கண்ணகி அவையில் சொல்வது ஊர்ப்பெருமைக்காக மட்டுமல்ல. பாண்டியன்முன் அவள் வைக்கும் அளவுகோல் அது.

ஒரு செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்காக, அந்தப் பாண்டியனுக்குப் பின் ஆண்ட வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் பத்தினிக்கு உயிர்ப்பலி கொடுத்தான் என்று வஞ்சிக் காண்டத்தின் நீர்ப்படைக் காதை சொல்கிறது. குற்றமற்றவன் ஒருவன் விசாரணையின்றி இறந்ததற்குப் பரிகாரமாக ஆயிரம் பேர் விசாரணையின்றி இறக்கிறார்கள். இந்தப் பகுதியை மறைக்காமல் வகுப்பில் படிக்கிறோம். நகைத்தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். தொழிலையோ சாதியையோ இழுத்து யாரும் கேலி பேசினால் ஆசிரியர் உடனே தலையிடுவார். வீட்டிலும் அதே கவனத்தோடு பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் வேண்டுவது அதிகமில்லை. வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம், பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். செய்யுள் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். படித்து முடித்ததும், 'இதில் யார் பேசவே இல்லை?' என்று மட்டும் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். கட்டுரையையும் திருத்தித் தர வேண்டாம். பிழையோடு வரும் முதல் வரைவுதான் ஆசிரியருக்குப் பயன்படும்.

முதல் வரைவு ஐந்தாம் வார வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும். கையெழுத்துப் படி மட்டுமே ஏற்கப்படும். வீட்டில் படிக்க இடமோ நேரமோ வாய்க்காத மாணவர்களுக்காக, இந்த ஆறு வாரமும் செவ்வாய், வியாழன் மாலைகளில் பள்ளி முடிந்த பின் ஒரு மணி நேரம் நூலகம் திறந்திருக்கும். பிள்ளையை அங்கே இருத்த விரும்புவோர் இக்கடிதத்தின் அடிப்பகுதியில் கையொப்பமிட்டுத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்