கடைசி வரிசை அண்ணனுக்கு நன்றி

ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் கடைசி வரிசையில் என்னோடு உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு இந்த நன்றி. பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

"சத்தியம் உங்களை விடுதலையாக்கும்" என்ற வசனம் எனக்கு மனப்பாடம். விடுதலையைத்தான் காணோம் என்று அவரிடம் புலம்பினேன். அவர் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. பைபிளில் அந்த வசனம் இருக்கும் யோவான் 8-ஆம் அதிகாரத்தைத் திறந்து, அதற்கு (32-க்கு) முந்தின வசனத்தில் விரலை வைத்தார்: "நீங்கள் என் உபதேசத்தில் நிலைத்திருந்தால்." இத்தனை வருஷம் அந்த 'ஆல்' என் கண்ணில் படவே இல்லை! (நிபந்தனையை விட்டுவிட்டு வாக்குத்தத்தத்தை மட்டும் அடிக்கோடிடுவதில் நாம் கெட்டிக்காரர்கள்.)

"சரி தம்பி, எதில் கீழ்ப்படியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டு இருக்கிறீங்க?" என்று கேட்டார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கூடப்பிறந்தவனோடு ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லி மத்தேயு 5-ல் இருப்பது எனக்குத்தான் போல.

மறுநாள் போனில் மன்னிப்புக் கேட்டேன். தப்பு முழுக்க என்னுடையது இல்லை, அது வேறு கதை. அவன் பெரிதாக எதுவும் பேசவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி, அவனுக்குக் கொடுக்க வேண்டிய பதிலடிகளை மனதுக்குள் ஒத்திகை பார்க்காமல் தூங்கினேன். ரொம்ப நன்றி அண்ணே.