மணநாள் பயணமும் பிரான்சின் திங்கட்கிழமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் கிராமப்புறங்களில் மணநாளைக் கொண்டாட விரும்பும் தம்பதியருக்காகத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த பயணக் கட்டுரையை ஆவலுடன் படித்தேன். லுவார் பள்ளத்தாக்கு, போர்தோ, பிரோவான்ஸ், அல்சாஸ் ஆகிய நான்கு வட்டாரங்களையும் ஒரே வாரத்தில் வாடகைக் காரில் சுற்றிவந்துவிடலாம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. லுவார் கரையிலுள்ள தூர் நகரிலிருந்து போர்தோவுக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அங்கிருந்து பிரோவான்ஸின் அவிஞ்ஞோனுக்கு 600 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவிஞ்ஞோனிலிருந்து அல்சாஸின் கொல்மாருக்கு மீண்டும் ஏறத்தாழ 600. சுங்கம் செலுத்திச் செல்லும் அதிவேகச் சாலைகளில் 130 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி உண்டு என்பதால் இத்திட்டம் நடைமுறையில் முடியாதது அன்று. ஆனால் அந்தச் சாலைகளிலிருந்து கிராமம் கண்ணில் படாது. கிராமத்தைக் காட்டும் இருவழிச் சாலைகளில் 2018 முதல் வேக வரம்பு 80 ஆகக் குறைக்கப்பட்டு, பின்னர் பல மாவட்டங்களின் சில சாலைகளில் மீண்டும் 90 ஆக்கப்பட்டுள்ளது.

தூரத்தைவிட முக்கியமான ஒன்றை அக்கட்டுரை முற்றிலும் விட்டுவிட்டது. பிரான்சின் சிற்றூர்களில் எது திறந்திருக்கும் என்பதைக் கிழமைதான் முடிவு செய்கிறது. பல உணவகங்கள் ஞாயிறு மாலையும் திங்கள் முழுவதும் மூடியிருக்கும். மற்ற நாள்களிலும் மதிய உணவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடிந்துவிடும், இரவுச் சமையல் ஏழு அல்லது ஏழரைக்கு முன் தொடங்காது. மூன்று மணிக்குப் பசியோடு ஒரு சிற்றூரில் காரை நிறுத்துபவருக்குத் தேவாலயக் கதவு மட்டுமே திறந்திருக்கக் கூடும். மணநாள் திங்கட்கிழமையில் வருமானால், மெழுகுவர்த்தி ஒளியில் விருந்துண்ணும் கனவை முந்திய சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்வதே விவேகம். மே மாதத்தில் மணநாள் வருபவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: மே 1, மே 8 ஆகியவை விடுமுறை நாள்கள், இயேசுவின் விண்ணேற்றத் திருநாள் எப்போதும் வியாழக்கிழமையிலேயே வருவதால், வெள்ளியையும் சேர்த்து நான்கு நாள் விடுப்பெடுத்து பிரெஞ்சுக்காரர்களே கிராமங்களுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வாரத்துக்கான அறைகளைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் கிடைப்பது அரிது.

ஆகவே ஐந்து இரவுகளே கைவசம் உள்ள தம்பதியர், ஒரே ஊரில் ஒரே வீட்டில் தங்கித் திட்டமிடுவது நல்லது என்பது என் கருத்து. அதற்கு லுவார் கரையிலுள்ள அம்புவாஸ் என்ற சிறு நகரையே நான் பரிந்துரைப்பேன். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தூர் நகரை ஒட்டியுள்ள சேன் பியேர் தே கோர் நிலையத்தை அடைகிறது. சில ரயில்கள் சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்தே நேராக வருகின்றன. அங்கிருந்து அம்புவாஸுக்கு வட்டார ரயிலில் சிறிது நேரம்தான். முதலாம் பிரான்சுவா மன்னரின் அழைப்பை ஏற்று 1516இல் இங்கு வந்த லியனார்டோ டா வின்சி, 1519 மே 2ஆம் நாள் குளோ லூசே மாளிகையில் காலமானார். அந்த மாளிகைக்கும் அரசர்களின் கோட்டைக்கும் இடையே நடந்தே செல்லலாம்.

வியாழனன்று வந்து செவ்வாயன்று கிளம்புவதாக அமைத்துக்கொண்டால் கிழமைகள் நமக்குச் சாதகமாகிவிடும். அம்புவாஸின் சந்தை ஆற்றங்கரையில் வெள்ளி, ஞாயிறு காலைகளில் கூடுகிறது. அங்கு விற்கும் சேன்மோர் என்ற உருளை வடிவ ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியின் நடுவே ஒரு வைக்கோல் தண்டு செருகப்பட்டிருக்கும். தயாரிப்பாளரின் அடையாளம் அந்தத் தண்டிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், அது இல்லாததை வாங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய ரொட்டி, பாலாடைக்கட்டி, பழங்களோடு, உணவகங்கள் மூடியிருக்கும் திங்களன்று ஷெனோன்சோ மாளிகைக்குச் செல்லலாம். அது ஆண்டின் எல்லா நாள்களிலும் திறந்திருக்கிறது. ஷேர் ஆற்றின் மேல் பாலமாக நிற்கும் அதன் 60 மீட்டர் நீளக் கூடம் பிரெஞ்சு அரசி கத்தரீன் தெ மெடிசியின் காலத்தில் கட்டப்பட்டது. முதல் உலகப் போரில் அது மருத்துவமனையாக இருந்தது. 1940இல் ஜெர்மானியர் வசமிருந்த பகுதிக்கும் எஞ்சிய பகுதிக்கும் இடையே இந்த ஆறே எல்லையானபோது, அந்த எஞ்சிய பகுதியை நோக்கித் திறக்கும் கூடத்தின் தென்கதவு விடுதலையின் வாசலாக அமைந்தது. நானூறுக்கும் மேற்பட்ட அறைகளும் 282 கணப்படுப்புகளும் கொண்ட ஷம்போர் மாளிகையைக் காணாமல் திரும்புவதா என்று சிலர் கேட்கக்கூடும். அதன் இரட்டைச் சுருள் படிக்கட்டை வியக்காதவர் இல்லை என்றாலும், இருவர் கைகோத்து நடப்பதற்கு அது மிகப் பெரிய கட்டடம் என்றே எனக்குப் படுகிறது.

தங்குவதற்கு, உரிமையாளர் தம் வீட்டிலேயே அறைகளை வாடகைக்கு விடும் 'ஷாம்பர் தோத்' விடுதிகள் பொருத்தமானவை. சட்டப்படி அவற்றில் ஐந்து அறைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் தங்கவும் கூடாது. சில வீடுகளில் முன்கூட்டிச் சொன்னால் இரவு உணவும் உண்டு. ஆனால் அது குடும்ப மேசையில் எல்லாருக்கும் ஒரே சமையலாகப் பரிமாறப்படுவது என்பதால், சைவ உணவினர் அதை அறை பதிவு செய்யும் போதே எழுதிவிட வேண்டும்; மேசையில் அமர்ந்த பின் சொல்வது விருந்தோம்புபவரைச் சங்கடப்படுத்தும்.

கார் ஓட்டியே தீர்வது என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஊர்ப் பெயர்ப் பலகையைக் கடந்த கணமே, வேறு பலகை இல்லாவிட்டாலும், வேக வரம்பு 50 ஆகிவிடுகிறது. வேறு குறியீடு இல்லாத சந்திப்புகளில், வலப்புறச் சிறு தெருவிலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. ஓட்டுநர் உரிமம் பிரெஞ்சு மொழியில் இல்லாதவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையோ அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பையோ உடன் வைத்திருக்க வேண்டும். தானியங்கி கியர் வண்டி வேண்டுமெனில் அதைக் குறிப்பிட்டே பதிவு செய்ய வேண்டும். விசா தேவைப்படுவோர் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

இறுதியாக ஒரு திருத்தம். பிரோவான்ஸுக்குச் செப்டம்பரில் செல்லுமாறு பரிந்துரைத்த அக்கட்டுரையுடன், பூத்துக் குலுங்கும் லாவெண்டர் வயலின் படம் வெளியாகியிருந்தது. அப்பூ ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரைதான் செழித்திருக்கும். ஆகஸ்டுக்குள் பெரும்பாலான வயல்கள் அறுவடையாகிவிடுகின்றன. அந்தப் படத்தை நம்பி டிக்கெட் எடுக்கவிருக்கும் வாசகர்களுக்காக, அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே இதைத் தெரிவித்துவிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்